முழங்கால் வலிக்கு ஐஸா, வெந்நீரா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரையும் உண்டு. டாக்டர் "ஒத்தடம் கொடுங்கள்" என்றார், எந்த ஒத்தடம் என்று சொல்லவில்லை. அக்கா ஐஸ் வைக்கச் சொல்கிறார். அத்தையோ, ஐஸ் வைத்தால் வாதம் ஏறிவிடும், கல் உப்பை வறுத்து ஒத்தடம் கொடு என்கிறார். எது சரி? கடையில் விற்கும் மின்சார ஒத்தடப் பை வாங்கலாமா?

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு வலிக்காரர் இருக்கும் வீட்டில் இந்த வாக்குவாதம் நடக்காமல் இருப்பது அபூர்வம். அக்கா சொல்வது சரியாக இருக்கும் நாளும் உண்டு, அத்தை சொல்வது சரியாக இருக்கும் நாளும் உண்டு. ஒரே முழங்காலுக்குக் காலையில் சூடும் சாயங்காலம் ஐஸும் தேவைப்படலாம். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் மூட்டு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். போர்வையை எடுத்து ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், ஒத்தடம் கொடுத்த கையோடு பார்க்கக் கூடாது. உங்கள் புறங்கையைத் தொடையில் வையுங்கள், அடுத்து முழங்கால் சில்லின் மேல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. நல்ல நிலையில் இருக்கும் முழங்கால், தொடையை விடச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும், ஏனென்றால் சில்லின் மேல் சதை கிடையாது. ஆகவே முழங்கால் "கொதிக்க" வேண்டும் என்பதில்லை; தொடை அளவுக்குச் சூடாக இருந்தாலே உள்ளே அழற்சி இருக்கிறது என்று சந்தேகப்படலாம். சில்லின் இரண்டு பக்கமும் சின்னக் குழி இருக்கும், அதையும் பாருங்கள். குழி நிரம்பி மேடாகியிருந்தால் மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே பழகிவிடும்.

சூடும் வீக்கமும் இருக்கும் மூட்டுக்கு ஐஸ். சூடும் வீக்கமும் இல்லாமல் இறுகிப்போய், எழுந்து நாலு அடி வைக்கச் சிரமப்படுத்தும் மூட்டுக்கு வெந்நீர். தேய்மானத்தில் பெரும்பாலான நாட்கள் இரண்டாவது ரகம்தான். கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்ற அன்றோ, கோயில் படி ஏறிய அன்றோ, பேருந்தில் காலை மடக்கி உட்கார்ந்து வந்த அன்றோ முதல் ரகமாக மாறும்.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் வாதாடுவது சுலபம். சூடு படும்போது அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வலிக்குப் பயந்து இறுகியிருந்த தசை தளர்கிறது, மூட்டைச் சுற்றிய உறையும் நாண்களும் கொஞ்சம் இழுபடக்கூடியவை ஆகின்றன. அதனால்தான் சூட்டுக்குப் பிறகு காலை மடக்குவது எளிது. ஏற்கனவே வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் ரத்த ஓட்டத்தை இன்னும் கூட்டினால் வீக்கம் ஏறத்தான் செய்யும். ஐஸ் இதற்கு எதிர்ப்பக்கம்: ரத்தக் குழாயைச் சுருக்கும், நீர் கசிவதைக் குறைக்கும், வலியைச் சுமக்கும் நரம்பின் வேகத்தையே மட்டுப்படுத்தும். இரண்டுக்கும் பொதுவான ஒரு வேலையும் உண்டு. தோலில் இருந்து போகும் சூடு, குளிர் என்ற சேதிகள் தண்டுவடத்திலேயே வலிச் சேதியை ஓரளவு மறித்துவிடுகின்றன. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த "கதவு" கொள்கை இதைத்தான் சொல்கிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே கணக்குதான்.

சூடான மூட்டுக்கு மேலும் சூடு வேண்டாம் என்பதற்கு 1974இல் வந்த ஒரு ஆய்வு கூடுதல் காரணம் கொடுத்தது. முடக்குவாத (ருமடாய்டு ஆர்த்ரைடிஸ்) மூட்டில் சுரக்கும், குருத்தெலும்பின் புரதத்தை அரிக்கும் நொதி, 33 டிகிரியில் இருப்பதைவிட 36 டிகிரியில் சுமார் நான்கு மடங்கு வேகமாக வேலை செய்தது. ஆய்வகத்தில் கண்ட விஷயம் அது. வெந்நீர் ஒத்தடம் மூட்டை அரித்துவிடும் என்று இதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் முடக்குவாத மூட்டு கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் நான் சூடு வைக்க மாட்டேன்.

இதெல்லாம் எவ்வளவு தூரம் நிரூபணமானது என்று கேட்டால், ஓரளவுக்குத்தான். முழங்கால் தேய்மானத்துக்கான ஒத்தடங்களைப் பற்றி 2003இல் வந்த, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக்குத் தேறியது 3 ஆய்வுகள், 179 பேர். அதில் வாரம் 5 நாள், தினம் 20 நிமிடம் என்று சில வாரம் ஐஸால் தேய்த்துவிட்டவர்களுக்குத் தொடைத் தசையின் பலமும் முழங்கால் மடங்கும் அளவும் கூடின. ஐஸ் பை வீக்கத்தைக் குறைத்தது, சூட்டுப் பை வீக்கத்துக்கு எதுவும் செய்யவில்லை. மூட்டு நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரூமடாலஜி கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் கை, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானங்களுக்குச் சூடு, குளிர் இரண்டையும் பரிந்துரைக்கிறது, ஆனால் "நிபந்தனையோடு" என்ற, அழுத்தம் குறைந்த வரிசையில். அதே வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும், எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பும் அழுத்தமான பரிந்துரைகள். அந்த வரிசையை நீங்களும் மாற்ற வேண்டாம். ஒத்தடம் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. அது கொடுப்பது வலி குறைந்த ஓர் அரை மணி நேரம். அந்த அரை மணியில் அம்மா என்ன செய்கிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது. ஒத்தடம் வாங்கிக்கொண்டு அப்படியே சாய்ந்து டிவி பார்த்தால், சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இப்படி இருக்கும். காலையில் எழுந்ததும் முழங்கால் இறுக்கமாக இருக்கும் நேரத்தில் 15 நிமிடம் சூட்டு ஒத்தடம். குளிப்பதற்கு எப்படியும் வெந்நீர் போடுவீர்கள் என்றால், ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் மேல் இதமான வெந்நீரை நிதானமாக ஊற்றிக்கொண்டாலே போதும். அது முடிந்த கையோடு பயிற்சி. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். காலுக்குப் பத்து முறை. பிறகு ஒரு காலை மடக்கி வைத்து, இன்னொரு காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி இறக்குவது. முடிந்தால், நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. தொடையின் முன்பக்கத் தசை பலமானால் முழங்காலின் பாரம் குறையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது, ரத்த அழுத்தம் இருந்தால் இது இன்னும் முக்கியம். சாயங்காலம் தொட்டுப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் 10 முதல் 15 நிமிடம் ஐஸ். இல்லையென்றால் எதுவும் தேவையில்லை. தினமும் இரண்டையும் கடமையாகச் செய்ய வேண்டியதில்லை.

இப்போது சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் நரம்புகளின் உணர்வு மங்கும். அது கால் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும். அதனால் முழங்காலில் உணர்வு நன்றாகவே இருக்கும், பாதத்தில் இருக்காது. முழங்கால் ஒத்தடத்தில் சுட்டுக்கொண்டு வருபவர்களைவிட, "காலுக்கும் இதமாக இருக்குமே" என்று அதே வெந்நீரை வாளியில் ஊற்றிப் பாதத்தை ஊற வைத்து, கொப்புளம் வந்த பிறகு வருபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சூடு தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் கொதிநீரைச் சேர்த்திருப்பார்கள். அந்தக் கொப்புளம் புண்ணாகி ஆற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். ஆகவே அம்மாவின் பாதத்துக்கு வெந்நீர் வாளி கூடவே கூடாது. ஒத்தடப் பை பாதத்தில் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் காலடியில் வெந்நீர்ப் பை வைத்துத் தூங்குவதும் கூடாது.

முழங்காலுக்குச் சூடு கொடுக்கும் முன்பு ஒருமுறை சோதித்துவிடுங்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒரு ஸ்டீல் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீர். மாற்றி மாற்றி முழங்காலில் வைத்து எது சூடு, எது குளிர்ச்சி என்று கேளுங்கள். தடுமாறினால் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சரியாகச் சொன்னாலும், தண்ணீரின் சூட்டை அம்மா பார்க்கக் கூடாது, நீங்கள் பாருங்கள், உங்கள் முழங்கைக்கோ மணிக்கட்டின் உட்புறத்துக்கோ இதமாக இருக்க வேண்டும். சமையலில் பழகிய கை விரல்களை நம்பாதீர்கள், அவை எதையும் தாங்கும்.

சூட்டுக்கு அளவும் நேரமும் சேர்ந்துதான் கணக்கு. 60 டிகிரி தண்ணீர் தோலைப் பொசுக்கச் சில நொடிகள் போதும் என்பது எல்லோருக்கும் புரியும். 44 டிகிரியே ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 1947இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் செய்த சோதனைகளில் இருந்து வந்த கணக்கு இது. "லேசான சூடுதானே" என்று பையை வைத்துக்கொண்டே தூங்குகிறவர்களுக்குக் காலையில் கொப்புளம் வருவது இப்படித்தான். வேறொரு அடையாளமும் உண்டு. தினமும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு வைப்பவர்களின் தோலில் வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள் விழும். அதைப் பார்த்தால் அந்த இடத்துக்குச் சூட்டை நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவைக்கு 15, மிஞ்சினால் 20 நிமிடம். ரப்பர் வெந்நீர்ப் பை என்றால் கொதிநீரை நேரே ஊற்ற வேண்டாம், முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, காலின் மேல் வையுங்கள். பையின் மேல் காலை வைத்து அமுக்கக் கூடாது. வாங்கி ரொம்ப நாளான பையில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று மடித்துப் பாருங்கள்.

அத்தையின் உப்பு ஒத்தடத்துக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. உப்பு, தவிடு, மணல் எல்லாம் சூட்டைத் தாங்கி நிற்கும் பொருட்கள், துணியில் கட்டினால் மூட்டின் வளைவுக்குப் பொருந்தும், காசும் செலவில்லை. சிக்கல் ஒன்றுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. வாணலியில் வறுபடும் உப்புக்கு அந்த வரம்பு கிடையாது, பார்த்தாலும் தெரியாது. வறுத்த உப்பைத் துணியில் கட்டிய பிறகு நாலைந்து நிமிடம் ஆற விட்டு, உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்து, அப்புறம் அம்மாவின் காலுக்குக் கொண்டு போங்கள். பாட்டிமார் அந்த முடிச்சை ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள், ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். அந்தப் பழக்கம்தான் தோலைக் காப்பாற்றியது. இப்போது முடிச்சைக் காலில் வைத்து மேலே துண்டைக் கட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள், அங்கேதான் சுட்டுக்கொள்வது நடக்கிறது. பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்கு முழங்காலில் உப்பு ஒத்தடம் வேண்டாம், வெந்நீரில் பிழிந்த துண்டு போதும். ஈரச் சூடு சீக்கிரம் ஆறிவிடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

நொச்சி இலை, வாதநாராயணன் இலை, ஆமணக்கு இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள். அந்த ஒத்தடத்தின் இதத்தில் பெரும்பங்கு சூட்டினுடையது என்பது என் கருத்து. எருக்கு இலையை மட்டும் விட்டுவிடுங்கள், அதன் பால் பட்டால் தோல் புண்ணாகிவிடும்.

ஐஸ் என்றதும் பெரியவர்கள் மிரள்வது "வாதம் ஏறும்", "சளி பிடிக்கும்" என்ற இரண்டு பயத்தால். குளிர்ந்தால் மூட்டு இறுகும் என்பதை அவர்கள் மார்கழிக் காலையில் நேரடியாக அனுபவித்தவர்கள். அந்த அனுபவம் பொய் இல்லை. இறுகிய மூட்டுக்கு ஐஸ் வைத்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். வீங்கிச் சூடான மூட்டின் கதை வேறு. அங்கே ஐஸ் 10 நிமிடம் பட்டதும் நோவு தணிவதை அவர்களே உணர்வார்கள். முழங்காலில் ஐஸ் வைத்துச் சளி பிடிக்காது. அப்படியும் தயங்கினால், மின்விசிறியை நிறுத்தி, மேலுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, முதல் நாள் 5 நிமிடம் மட்டும் வைத்துப் பாருங்கள். உடம்பு நடுங்கியபடி ஐஸ் வைத்தால் தசை இறுகி, செய்ததற்கு எதிராகத்தான் முடியும். எல்லாம் சொல்லியும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். தேய்மானத்துக்கு ஐஸ் கட்டாயம் இல்லை, காலைச் சற்று உயர்த்தி வைத்து ஓய்வு கொடுத்தாலும் வீக்கம் வடியும்.

ஐஸ் வைக்க விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். ஃப்ரீசரில் இருந்து பத்துப் பன்னிரண்டு ஐஸ் கட்டிகள், ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் தண்ணீர். பையை ஈரமான மெல்லிய துணியில் சுற்றி முழங்கால் மேல் வையுங்கள். தண்ணீர் ஏன் என்றால், உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஜெல் பை மைனஸ் 10, 15 டிகிரியில்கூட வளைந்து கொடுக்கும். மெத்தென்று இருப்பதால் ஏமாந்து தோலில் நேரே வைத்தால் உறைபனிக் காயம் ஆகிவிடும். அதற்குத் தடிமனான துணி வேண்டும், அல்லது ஃப்ரீசருக்குப் பதில் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் வைத்ததும் முதலில் குளிரும், பிறகு எரிவதுபோல் இருக்கும், அப்புறம் ஒரு குடைச்சல், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். தோல் சிவப்பது சாதாரணம். வெளுத்தாலோ தடித்து அரித்தாலோ உடனே எடுங்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில், கீழே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கே ஐஸை இறுக்கிக் கட்டி நெடுநேரம் விட்டதால் பாதம் தொங்கிப்போன விளையாட்டு வீரர்கள் உண்டு. ஐஸ் முன்பக்கம் இருக்கட்டும், கட்டு தளர்வாக இருக்கட்டும். குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கிறவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஐஸ் பக்கமே போகக் கூடாது.

இடுப்பு மூட்டு வலிக்காரர்களும் இதையே செய்யலாமா என்றால், செய்யலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. மேலே வைக்கும் சூடு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முழங்காலும் விரல் மூட்டும் தோலை ஒட்டி இருப்பதால் அங்கே ஏதோ எட்டும். இடுப்பு மூட்டு சதைக்குள் புதைந்தது. அங்கே ஒத்தடம் தளர்த்துவது தசையை மட்டும்தான்.

தைலம் பற்றி ஒரு எச்சரிக்கை. மென்தால் கலந்த தைலம் ஜில்லென்று இருப்பது நிஜக் குளிர்ச்சி இல்லை. குளிரை உணரும் அதே நரம்பு வாயிலை மென்தால் தட்டுகிறது. மிளகாயின் காரம் சூட்டை உணரும் வாயிலைத் தட்டுவதும் இதேபோல. இந்த வாயில்களைக் கண்டதில் பங்குள்ள டேவிட் ஜூலியஸ் 2021இல் ஆர்டெம் பாடபூடியனுடன் நோபல் பரிசு பெற்றார். நமக்கு வேண்டியது இதன் நடைமுறைப் பக்கம். தைலம் தேய்த்த இடத்தில் சூட்டுப் பை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும், தோல் பொசுங்கும், சூடு எவ்வளவு என்ற கணிப்பும் தவறிப்போகும். இந்த வகை வலித் தைலங்களால் தோல் வெந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் எச்சரித்தது. ஒத்தடம் முதலில், தோல் ஆறிய பிறகு தைலமோ வலி ஜெல்லோ. தோலில் ஒட்டும் வலி நிவாரணப் பட்டைகளுக்கும் இதே விதி. அதிலும் ஃபென்டனில் போன்ற கடுமையான மருந்துப் பட்டை என்றால் அதன் மேல் சூடு பட்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

தேய்மானம் தவிர்த்த மூட்டு வலிகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் ஒருவருக்குச் சரியானதை இன்னொருவருக்கும் செய்துவிடுகிறோம். நடு இரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது பெரும்பாலும் யூரிக் ஆசிட் வாதம். அதற்குச் சூடு வேண்டாம், ஐஸ்தான். 2002இல் 19 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், மருந்தோடு ஐஸும் வைத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. முடக்குவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் (தேய்மானத்தில் அரை மணிக்குள் விட்டுவிடும்), இரண்டு கை விரல்களும் சேர்ந்து பிடிக்கும். அவர்களுக்குக் காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுவதும், மையங்களில் கொடுக்கும் மெழுகு ஒத்தடமும் நல்ல பலன் தரும், கூடவே பயிற்சியும் செய்தால். வீக்கம் சீறும் நாட்களில் ஐஸ். ஆனால் ஒத்தடத்தில் வலி குறைகிறதே என்று முடக்குவாத மருந்தைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. ஆரம்ப மாதங்களில் கெட்டுப்போகும் மூட்டு திரும்பி வராது. சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீளும் மூட்டு வலிக்கும் அதே தொட்டுப் பார்க்கும் விதிதான்: வீங்கியிருக்கும்வரை ஐஸ், வீக்கம் வடிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சினால் சூடு.

ஒத்தடமே கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியவை இரண்டு. ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்து வீங்கி, கூடவே காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இன்னொன்று, ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் குழாயில் உறைவு இருக்கலாம், அதைச் சூடு வைத்து உருவிவிடவே கூடாது. முழங்காலுக்குள் ஊசி போட்டுக்கொண்டால் முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம், வலித்தால் ஐஸ் வையுங்கள். மூட்டு மாற்று அறுவை ஆனவர்களின் முழங்கால் பல மாதங்கள் சூடாகவே இருக்கும். அது தானாக அடங்கும், அதுவரை ஐஸ் நல்லது. திரும்பவும் சூடும் வலியும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

பிசியோதெரபி மையத்தில் "கரண்ட் வைப்பது" என்று மக்கள் சொல்வதில் பல கருவிகள் அடக்கம். ஷார்ட்வேவ் டயாதெர்மி என்பது வெளியே சூடு தெரியாமல் உள்ளே திசுவைச் சூடாக்குவது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் கம்பி, தகடு, செயற்கை மூட்டு இருந்தாலோ அதை வைக்கக் கூடாது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னதான் கருவி வைத்தாலும், பயிற்சி சொல்லித்தராமல் பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக அந்த மின்சாரப் பை. கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. உள்ளே திரவம் இருந்து, சார்ஜ் போட்டுச் சூடாக்கிக் கழற்றி வைக்கும் பை ஒன்று. காலில் சுற்றியபடியே சொருகி வைக்கும் பெல்ட் இன்னொன்று. முதல் வகையைச் சார்ஜில் இருக்கும்போது மடியில் வைக்கவே கூடாது. ஒழுகும் பையில் மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தானாக அணைந்த பிறகும் அது ஒத்தடத்துக்கு வேண்டியதைவிடச் சூடாகவே இருக்கும், துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். பெல்ட் வகையில் வெப்ப அளவைக் குறைத்துக்கொள்ளும் வசதியும், குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் வசதியும் இருந்தால் மட்டும் பாருங்கள். உங்கள் அம்மாவின் பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் இரண்டுமே வேண்டாம், முழங்காலுக்குப் பிழிந்த துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; முழங்காலிலேயே மங்கியிருந்தால், முன்பே சொன்னதுபோல், எந்தச் சூடும் வேண்டாம். உணர்வு நன்றாக இருந்து, காலையில் வெந்நீர் போட்டுத் துண்டு பிழிந்து தர வீட்டில் ஆள் இல்லை என்றால், தானாக அணையும் பெல்ட்டை வாங்கலாம். குறைந்த சூட்டில் 15 நிமிடம் வைத்து, கழற்றியதும் தொடைப் பயிற்சியைத் தொடங்கிவிடச் சொல்லுங்கள்.